விகிலியா விருந்து: 24ஆம் தேதி அடுப்பு மூட்டினால் ஏன் சொதப்பும்?

போலந்தில் கிறிஸ்துமஸின் பெரிய சாப்பாடு 25ஆம் தேதி மதியம் இல்லை, 24ஆம் தேதி சாயங்காலம். அதற்கு விகிலியா என்று பெயர். இறைச்சி கிடையாது. பன்னிரண்டு பதார்த்தம் வைப்பது வழக்கம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவார்கள். குறிப்பைப் பார்த்து 23ஆம் தேதி சாமான் வாங்கி, மறுநாள் ஒரே மூச்சில் சமைத்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விகிலியாவின் பாதிச் சமையல் ஊறுவதும் புளிப்பதும் வடிவதும்தான். அந்த நேரத்தைக் கொடுக்காமல் வினிகரும் கூடுதல் மாவும் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

முதலில் கடைக்கணக்கு. 2025 முதல் டிசம்பர் 24 போலந்தில் அரசு விடுமுறை. 25, 26 ஏற்கெனவே விடுமுறை. ஆக, மூன்று நாள் தொடர்ந்து பெரிய கடைகள் திறக்காது. முன்பெல்லாம் 24ஆம் தேதி மதியம்வரை ஓடிப்போய் வாங்கலாம். பழைய குறிப்புகளில் அப்படி எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

பர்ஷ்ச்: புளிப்பு எங்கிருந்து வருகிறது

விருந்தைத் தொடங்கிவைப்பது தெளிந்த பீட்ரூட் சூப்பான பர்ஷ்ச். இதில் நடக்கும் பெரிய தவறு, பீட்ரூட்டை வேகவைத்து வினிகரோ எலுமிச்சையோ சேர்த்து முடித்துவிடுவது. இட்லி மாவு தானாகப் புளிப்பதற்கும் மாவில் எலுமிச்சை பிழிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். உண்மையான புளிப்பு ஸாக்வாஸ் என்ற புளித்த பீட்ரூட் நீரிலிருந்து வர வேண்டும். அதற்கு 5 முதல் 7 நாள் ஆகும். டிசம்பர் 15, 16 வாக்கில் ஜாடி வைத்தால் நிம்மதி.

அளவு இது: தோல் சீவித் தடிமனாக நறுக்கிய பீட்ரூட் 1 கிலோ, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், அயோடின் சேராத உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு 5 பல், ஆல்ஸ்பைஸ் 5, பிரிஞ்சி இலை 2. நம் ஊர் பிரிஞ்சி இலையில் பட்டை வாசனை தூக்கலாக இருக்கும். ஐரோப்பிய லாரல் இலைதான் இதற்குப் பொருந்தும். அது கிடைக்காவிட்டால் இலையே போடாமல் விடுவது மேல்.

பீட்ரூட் தண்ணீருக்கு மேலே தலைகாட்டினால் அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும். சின்னத் தட்டோ கண்ணாடிக் கிண்ணமோ வைத்து அமிழ்த்துங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். மேலே வெள்ளை நுரை வந்தால் பயப்பட வேண்டாம், கரண்டியால் எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் பஞ்சுபோல் ஏதாவது தெரிந்தால் மேலே உள்ளதை மட்டும் அள்ளிப்போட்டுத் தப்பிக்க முடியாது. ஜாடியோடு கொட்டிவிடுங்கள். நன்றாகப் புளித்ததை வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

அடுத்த தவறு அடுப்பில் நடப்பது. காரட், பார்ஸ்லி வேர், செலரி வேர், வெங்காயம், கொஞ்சம் உலர் காளான், இரண்டு பீட்ரூட் எல்லாம் போட்டு ஒன்றரை லிட்டர் காய்ச்சாறு தயாரித்துக்கொண்டு, கடைசியில்தான் அரை லிட்டர் ஸாக்வாஸ் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் கொதிக்கக்கூடாது. ஓரத்தில் ஆவி எழும்போதே இறக்கிவிட வேண்டும். விட்டுக் கொதித்தால் அரைமணி நேரத்தில் அந்த ரத்தினச் சிவப்பு பழுப்பாகிவிடும், புளிப்பின் மணமும் போய்விடும். பீட்ரூட்டின் நிறமி நீண்ட சூட்டைத் தாங்காது. மர்ஜோரம், மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரை போதும். கிரீம் ஊற்ற வேண்டாம். விகிலியா பர்ஷ்ச் அடி தெரியும்படி தெளிவாக இருக்க வேண்டும். அதனால்தான் அதில் மிதக்கும் உஷ்காவையும் (காளான் பூரணம் வைத்த குட்டிக் கொழுக்கட்டை) தனிப் பாத்திரத்தில் வேகவைக்கிறார்கள். சூப்பிலேயே போட்டால் மாவு கரைந்து கலங்கிவிடும்.

எல்லா வீட்டிலும் பர்ஷ்ச்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பல குடும்பங்களில் காளான் சூப், சிலேசியாப் பகுதியில் சணல் (hemp) விதை சூப்.

காளானும் பூரணமும்

உஷ்கா, புளித்த முட்டைக்கோஸும் காளானும் வைத்து அரைவட்டமாக மடிக்கும் கொழுக்கட்டையான பியெரோகி இரண்டிலும் உலர்ந்த காட்டுக் காளான்தான் உயிர். கடையில் வாங்கும் வெள்ளை பட்டன் காளானை வதக்கிப் போட்டால் தண்ணீர் விடும், மணமும் இருக்காது. 50 கிராம் உலர் காளானை முதல்நாள் இரவே ஊறவைத்து, அதே தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டுகிறவர்கள் பாதி ருசியைக் கொட்டுகிறார்கள். துணியில் வடிகட்டி பர்ஷ்சில் சேருங்கள். அடியில் மிஞ்சும் மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

பியெரோகி வெந்நீரில் வாய் பிளப்பதற்கு எல்லாரும் மாவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரமான பூரணம்தான். புளித்த முட்டைக்கோஸை முக்கால் மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் கையால் பிழிய வேண்டும். பிழிந்து முடித்தாகிவிட்டது என்று தோன்றும்போது இன்னொரு முறை பிழியுங்கள். பிறகு பொடியாக நறுக்கி, வெங்காயம், காளானோடு நீர் வற்ற வதக்கி, முழுக்க ஆறவிடுங்கள். சூடான பூரணம் மாவை உள்ளிருந்தே இளக்கிவிடும். முட்டைக்கோஸ் வாங்கும்போது பொருள் பட்டியலில் ஒத்செத் (ocet) என்ற சொல் இருந்தால், அது வினிகர் ஊற்றியது. அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

மாவுக்கு மைதா அரை கிலோ, நல்ல சூடான தண்ணீர் 250 மில்லி, எண்ணெய் இரண்டு கரண்டி, உப்பு. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். கையில் ஒட்டுகிறதே என்று மாவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அரைமணி நேரம் மூடிவைத்தால் ஒட்டுவது தானே அடங்கும். 2 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து வட்டமாக வெட்டி, விளிம்பில் எண்ணெயோ பூரணமோ படாமல் அழுத்தி ஒட்டுங்கள். அகலப் பாத்திரத்தில் ஒரு தடவைக்கு 12, 15க்கு மேல் போட வேண்டாம். மேலே மிதந்தபின் இரண்டு மூன்று நிமிடம் போதும். முன்கூட்டியே செய்து உறையவைத்தால் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, இளகவிடாமல் நேரே கொதிநீரில் போடுங்கள்.

கெண்டை

விகிலியா மேசையின் மீன் கெண்டை. பழைய சமையலிலும் இருந்தது என்றாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு குளவளர்ப்பை ஊக்குவித்தபோதுதான் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஸாத்தோர், மிலிச் பகுதிக் குளங்கள் இதற்குப் பேர்போனவை. சேற்று வாடை அடிக்கிறது என்று பலர் ஒதுக்குவார்கள். துண்டங்களை உப்பிட்டு, வெங்காய வளையங்களுக்கிடையே அடுக்கி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் வாடை பெருமளவு குறையும். சிலர் இரண்டு மணி நேரம் பாலில் ஊறவைக்கிறார்கள். வயிற்றைக் கீறும்போது பித்தப்பை உடைந்தால் கசப்பு சதையில் ஏறிவிடும். தலையைச் சாறுக்குப் போடுவதானால் செவுளை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு தொல்லை, சதைக்குள் ஒளிந்திருக்கும் கவட்டை முட்கள். தோல் அறுபடாமல், 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே நெருக்கமாகக் கீறிப் பொரித்தால் சின்ன முட்கள் எண்ணெயில் மொறுமொறுத்து நாக்கில் தட்டாது. பொரிக்குமுன் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சி இல்லை என்றால் மீனும் இல்லை என்று அர்த்தமில்லை. கெண்டையும் ஹெர்ரிங்கும் மேசை முழுக்க இருக்கும். ஜெல்லி வகைகள் மீன்சாறிலோ ஜெலட்டினிலோ உறைந்தவை. காளான் பியெரோகி, பட்டாணி போட்ட முட்டைக்கோஸ், உலர்பழ பானம் ஆகியவை பொதுவாகச் சைவர் தொடக்கூடியவை. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழ பானத்தில் புகை வாடை அடித்தால் கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள். புகையில் உலர்த்திய பிளம் அப்படித்தான் மணக்கும்.

மேசை வழக்கத்தில் தடுமாறும் இடங்கள்

வார்சாவில் அன்று மூன்றரை மணிக்கே சூரியன் அடைந்துவிடும். விருந்து நாலு, ஐந்து மணிக்குத் தொடங்கும். ராத்திரிச் சாப்பாடுதானே என்று ஏழு மணிக்குப் போய் நின்றால், அதுவரை உங்களுக்காகப் பட்டினி கிடந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உட்காருமுன் ஒப்வாத்தெக் பகிர்வார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த, காகிதம்போல் மெல்லிய வெள்ளைத் தகடு. மேலே இயேசு பிறப்புக் காட்சி அச்சிட்டிருக்கும். ஒருவர் தகட்டில் மற்றவர் சிறு துண்டு உடைத்து வாயில் போட்டு, வாழ்த்துச் சொல்ல வேண்டும். புதியவர்கள் கையில் கொடுத்ததை மொத்தமாக மென்றுவிடுவார்கள்; பிறகு அடுத்தவரிடம் நீட்ட எதுவும் இருக்காது. நகம் அளவுக்கு உடைத்தால் போதும், அறையில் உள்ள எல்லாரோடும் பகிர வேண்டும். இது திருப்பலியில் தரும் நற்கருணை அல்ல. எந்த மதத்தவரும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால்தான் வீட்டார் மனம் வாடும்.

காலியாக ஒரு தட்டு வைத்திருப்பார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கானது அது. ஏற்கெனவே அழைக்கப்பட்ட நீங்கள் அதில் உட்கார வேண்டாம். மேசைவிரிப்புக்கடியில் கரடுமுரடாகத் தட்டுப்படுவது வைக்கோல், மாட்டுத்தொழுவத்தின் நினைவாக. அதை நீவிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

பன்னிரண்டையும் கொஞ்சமாவது ருசிபார்ப்பது வழக்கம். பர்ஷ்ச்சை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு பியெரோகியில் வயிற்றை நிரப்பினால் கெண்டை வரும்போது திண்டாட்டம்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி என்று கணக்கு வையுங்கள். பூ கொண்டுபோனால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொண்டுபோங்கள், சாமந்தி மட்டும் வேண்டாம். அது அங்கே கல்லறைப் பூ. பல வீடுகளில் அன்று மது தொடமாட்டார்கள், பாட்டில் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். பிகோஸ் என்ற முட்டைக்கோஸ் பதார்த்தம் இந்த மேசைக்கு உரியதல்ல. அதில் இறைச்சி உண்டு, 25ஆம் தேதிதான் அதன் முறை.

கசகசா

கடைசியில் வரும் மகோவியெத்ஸ் என்ற கசகசா உருட்டுக் கேக்கில் இரண்டு இடம் சறுக்கும். ஒன்று, கசகசாவை அரைப்பது. போலந்தில் பெரும்பாலும் சாம்பல் நீலக் கசகசாதான். நம் வெள்ளைக் கசகசாவுக்கு அங்கே உள்ள பெரிய வேலை, போஸ்னானில் நவம்பர் 11 அன்று விற்கும் மார்ட்டின் பிறைரொட்டிக்குப் பூரணமாவது. முழுசாக மிக்ஸியில் போட்டால் சுற்றிச் சுற்றி ஓடுமே தவிர உடையாது. கொதிக்கும் பாலில் அரைமணி நேரம் வேகவைத்து, விரலிடுக்கில் நசுங்கும் பதம் வந்ததும் துணியில் முற்றாக வடித்து, அரவை இயந்திரத்தில் மூன்று முறை விட வேண்டும். பழைய கசகசாவில் எண்ணெய் காறிப்போயிருக்கும். வேகவைக்குமுன் முகர்ந்து பாருங்கள்.

இரண்டாவது, வேகும்போது கேக் நீளவாக்கில் வெடிப்பது. மாவை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கவிடாமல், ஆறிய பூரணம் பரப்பிச் சுருட்டி, பேக்கிங் தாளில் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சுற்றி, குச்சியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். சுருட்டியபின் கால்மணி, அரைமணி பொங்கினால் போதும். 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம்.

மிச்சத்தை விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை, சிங்கப்பூரிலும் கடும் கட்டுப்பாடு. அங்கே இறங்குவதானால் மகோவியெத்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தேன் கேக்கான பியெர்னிக் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு நாட்பட நாட்படத்தான் ருசி கூடும்.