ஓலைச் செருப்பணிந்த மண்குடம்: புதியவர்களுக்கான செய்முறை

மண்குடம் ஒன்றுக்கு மனிதப் பாதங்கள் இரண்டைப் பொருத்தி, அந்தப் பாதங்களுக்குப் பனையோலைச் செருப்பையும் அணிவிப்பதே இந்தச் சிற்பம். இத்தகைய விசித்திரக் கற்பனை நமக்குப் புதியதன்று; சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட யாளியைக் கோயில் தூண்களில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே சிற்பத்தில் பல வேடிக்கைகளைத் திணித்துவிடுகிறார்கள். முரண் ஒன்றே போதும். மற்றபடி குடம் குடமாகவும் பாதம் பாதமாகவும் குறையின்றி அமைய வேண்டும்.

முதலில் மண். திருநெல்வேலி மாவட்டத்துக் காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவர்களிடம் பதப்படுத்திய களிமண் கேட்டு வாங்கலாம். ஒரு சாண் உயரச் சிற்பத்துக்கு மூன்று கிலோ தாராளம். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து, காற்றுக்குமிழி இல்லாதவாறு நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பாதங்கள், அதிக நேரம் தர வேண்டிய வேலை இதுதான். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பிகள் கருங்கல்லில் நகமும் நரம்பும் தெரியச் செதுக்கியிருப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்துவிட்டு வந்தால், எவ்வளவு நுணுக்கம் தேவை என்பது விளங்கும். மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத் தகடாகத் தட்டி, உள்ளே வெற்றிடம் இருக்குமாறு சுருட்டிக் கணுக்காலையும் பாதத்தையும் உருவாக்குங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே செருப்பு வார் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். நக விளிம்பையும் விரல் மடிப்பையும் கீற ஓலையின் ஈர்க்கே போதும். குதிகாலின் வெடிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். வயலிலும் வாய்க்காலிலும் நடந்த கால் என்று அவைதாம் சொல்லும்.

குடத்துக்கு மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைக் கொடுத்து வெளியே சிறு பலகையால் தட்டிச் சுவரை ஒன்றாக்குங்கள். இரண்டு பகுதிகளும் விரல் பட்டால் பதியாத அளவுக்கு இறுகியதும், சேரும் இடங்களைக் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்துங்கள். காலின் உள்வெளியும் குடத்தின் உள்வெளியும் ஒரு துளையால் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் சூளையில் நீராவியாகிக் காலை வெடிக்கச் செய்துவிடும்.

உலர்த்தும்போது அவசரம் கூடாது. நிழலில், ஈரத்துணி போர்த்தி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆற விடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று மெலிந்த பகுதிகளை முதலில் உலர்த்தி விரிசல் உண்டாக்கும் என்பதால், அந்த மாதங்களில் கதவடைத்த அறையே நல்லது. பிறகு குயவரிடம் கேட்டு, அவருடைய பானைகளோடு சேர்த்துச் சூளையில் வைக்கலாம்.

செருப்பை முன்கூட்டியே முடையாதீர்கள். உலர்ந்து வெந்து வரும்போது மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்குவதால், சுட்ட பாதத்தை அளந்த பிறகே ஓலையைக் கிழிக்க வேண்டும். காய்ந்த குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, கால் அங்குல நறுக்குகளாகக் கிழித்து, நீரில் நனைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவதுபோல் இரண்டு அடுக்காக முடையுங்கள். ஓரங்களை மடித்துச் செருகி, பாதத்தின் அடியில் வைத்து, ஈரம் காயுமுன் ஓலை வாரை விரலிடையில் கோத்து அடிப்பக்கம் முடிந்துவிடுங்கள். ஓலை காய்ந்ததும் வார் காலோடு பொருந்தி இறுகிவிடும்.