குடும்ப சர்வே தரவு: சராசரி எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

குடும்ப சர்வே தரவை முதல்முறை திறக்கும்போது உடனே ஒரு சராசரி எடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதும் எண்ணை நம்பி நாளைக்கு யாராவது ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கலாம், ஒதுக்காமலும் போகலாம், அதனால் அந்த எண் யாரைப் பற்றியது என்பது முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: கேள்விக்கு ஏற்ற சர்வே

குடும்பச் செலவு, வறுமை என்றால் உலக வங்கி 1980இல் தொடங்கிய எல்எஸ்எம்எஸ் (வாழ்க்கைத்தர அளவீட்டு ஆய்வு) வகை சர்வேக்களைப் பாருங்கள். தாய் சேய் நலம், கல்வி என்றால் 1984இல் தொடங்கிய டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார சர்வே), அல்லது யுனிசெஃபின் மிக்ஸ் என்ற குடும்ப சர்வே. டிஎச்எஸ்ஸில் போய் மாதச் செலவைத் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே வீட்டிலுள்ள பொருட்கள், தரை, கழிப்பறை போன்றவற்றை வைத்துக் கணக்கிட்ட சொத்துக் குறியீடுதான் இருக்கும்.

படி 2: கேள்வித்தாளைப் படியுங்கள்

தரவைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். "கடந்த 7 நாட்களில்" என்று கேட்டார்களா, "கடந்த 12 மாதங்களில்" என்று கேட்டார்களா என்பதைப் பொறுத்தே பதில் மாறிவிடும். யாரிடம் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒருவரே பதில் சொல்லியிருக்கலாம்.

படி 3: ஒரு வரிசை என்றால் யார்?

ஒரு ஃபைலில் வீட்டுக்கு ஒரு வரிசை இருக்கும், இன்னொன்றில் ஆளுக்கு ஒரு வரிசை. இரண்டையும் இணைத்தால் 6 பேர் உள்ள வீட்டின் செலவு 6 முறை நகலாகிவிடும், அப்புறம் அந்தச் செலவுப் பத்தியை (column) கூட்டினால் செலவு ஆறு மடங்காகத் தெரியும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: 98 என்பது எண் அல்ல

டிஎச்எஸ்ஸில் எச்வி108 என்ற பத்தி படித்த ஆண்டுகளைச் சொல்கிறது. அதில் 98 என்று இருந்தால் "தெரியாது" என்று பொருள். ஐந்து பேருக்கு 5, 8, 10, 12, 98 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியே சராசரி எடுத்தால் 26.6 ஆண்டுகள்! 98ஐ நீக்கினால் 8.75. ஐந்து பேர் என்றால் கண்ணில் படும். ஐம்பதாயிரம் பேர் என்றால் தப்பு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துவிடும்.

படி 5: எடை

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம். ஒரு சிறிய பகுதியில் 1,000 வீடுகள், பெரிய பகுதியில் 20,000 வீடுகள். இரண்டிலும் 200 வீடுகளைத்தான் சந்தித்தார்கள். குழாய்த் தண்ணீர் சிறிய பகுதியில் 80 சதவீத வீடுகளுக்கு இருக்கிறது, பெரிய பகுதியில் 30 சதவீதத்துக்கு. சும்மா சேர்த்தால் 400க்கு 220, அதாவது 55 சதவீதம். ஆனால் சிறிய பகுதியில் சந்தித்த ஒரு வீடு 5 வீடுகளுக்காகப் பேசுகிறது, பெரிய பகுதியில் ஒரு வீடு 100 வீடுகளுக்காகப் பேசுகிறது. இந்த 5, 100 என்பவைதான் எடை. அந்த எடையைப் போட்டால் 21,000க்கு 6,800, ஏறக்குறைய 32 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் வரவில்லை.

டிஎச்எஸ்ஸின் வீட்டு ஃபைலில் எடை எச்வி005 பத்தியில் இருக்கும், அதை 10 லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். கூடவே எச்வி021 பத்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடுகளை ஊர் முழுக்கச் சிதறலாக எடுக்காமல் கொத்துக் கொத்தாகத்தான் எடுப்பார்கள், எந்த வீடு எந்தக் கொத்து என்பது அதில் இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுபோலவே இருப்பதால், இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உங்கள் பிழை வரம்பு (உங்கள் எண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) பெரும்பாலும் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் சர்வே என்ற தொகுப்பும், ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் எஸ்விஒய் கட்டளைகளும் இதைப் பார்த்துக்கொள்கின்றன.

படி 6: வீடா, ஆளா?

10 வீடுகளில் 3 ஏழை வீடுகள், ஒவ்வொன்றிலும் 7 பேர். மற்ற 7 வீடுகளில் மும்மூன்று பேர். ஏழை வீடுகள் 30 சதவீதம், ஏழை மக்கள் 50 சதவீதம். இரண்டும் சரியான கணக்குதான். எதைச் சொல்கிறீர்கள் என்பதை வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். வறுமை என்றால் ஆட்களைத்தான் எண்ண வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் பசி வீட்டுக்கு வருவதில்லை, ஆளுக்குத்தான் வருகிறது.

படி 7: அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள்

சர்வேயின் அதிகாரப்பூர்வ அறிக்கையில் ஏதாவது ஓர் அட்டவணையை எடுத்து, அதே எண்ணை நீங்களும் வரவழைத்துப் பாருங்கள். வந்தால் சரி, உங்கள் ஆய்வைத் தொடங்கலாம். டிஎச்எஸ்ஸில் கொஞ்சம் தள்ளி வந்தால் முதலில் எச்வி103 பத்தியைப் பாருங்கள், ஒருவர் முந்தின இரவு அந்த வீட்டில் தூங்கினாரா என்பது அதில் இருக்கும். அப்படித் தூங்கியவர்களை மட்டும் எண்ணும் அட்டவணைகள் அங்கே நிறைய உண்டு.