ஈரலும் நோயெதிர்ப்புக் கலங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரல் நோய் என்றதும், கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர்கள் சொல்லும் முதல் ஆலோசனை, நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்பதே. பெருந்தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஈரலை அடையும் குருதியில் ஏறத்தாழ முக்காற்பங்கு குடற்பக்கத்திலிருந்து வருவதால், உணவின் கூறுகளும் பற்றீரியாத் துணுக்குகளும் அதில் ஓயாமல் கலந்திருக்கின்றன. அவை அனைத்தையும் எதிர்த்துப் போரிட்டால் ஈரல் தன்னையே அழித்துக்கொள்ளும். ஆகவே, ஈரலிலேயே நிலைத்து வாழும் குப்பர் கலங்கள் கிருமிகளை விழுங்குவதோடு, வேண்டாத அழற்சியை அடக்கியும் வைக்கின்றன.

கொழுப்பு ஈரலில் அந்த அடக்கம் குலைகிறது. காயமுற்ற ஈரற்கலங்களின் சமிக்ஞைகளால் குப்பர் கலங்கள் தூண்டப்பட, குருதியிலிருந்து வேறு விழுங்கு கலங்களும் வந்து சேர்ந்து, தழும்பு நாரைச் சுரக்கும் கலங்களை முடுக்கிவிடுகின்றன. மது அருந்தாதவருக்கும், குறிப்பாக நீரிழிவும் பெருத்த வயிறும் உள்ளவருக்கு, இது நிகழும். காரணம் விலகினால் அதே விழுங்கு கலங்கள் தழும்பைக் கரைக்கவும் உதவுகின்றன என்பதால், தொடக்கத்திலேயே எடையைக் குறைப்பது வீண்போகாது.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று நம்புவதும் தவறு. நோயெதிர்ப்புக்கென்று சீந்திலை உட்கொண்ட சிலருக்கு, உடலின் நோயெதிர்ப்பே ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியை ஒத்த பாதிப்பு ஏற்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021இல் பதிவுசெய்தனர். கிளினிக்குக்குச் செல்லும்போது, குடிக்கும் கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஹெப்படைடிஸ் பி குறித்த தவறு இன்னும் ஆபத்தானது. ஈரற்கலங்களைப் பெரும்பாலும் அழிப்பது வைரசு அன்று. தொற்றிய கலங்களைத் தாக்கும் நோயெதிர்ப்புக் கலங்களான ரி கலங்களே. அவை வைரசைப் பொறுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், வைரசு மிகுந்திருந்தாலும் ஈரல் நொதிப் பரிசோதனை வழமையான அளவையே காட்டக்கூடும்; அதை மட்டும் பார்த்து நோயில்லை என்று முடிவுகட்டலாகாது. பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. வளர்ந்தவர்களிலோ 5 சதவீதத்துக்கும் குறைவு. புற்றுநோய்க்கான மருந்துகளோ அதிக அளவு ஸ்டீரொய்டோ தொடங்குமுன் இவ்வைரசுக்கான குருதிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. இம்மருந்துகள் நோயெதிர்ப்பை அடக்குவதால், உறங்கிய வைரசு மீண்டெழுந்து உயிரையே பறிக்கலாம்.

தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி உள்ளவர்களோ, கண்ணின் மஞ்சள் நீங்கியதும் அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்டு மருந்தான பிரெட்னிசொலோனைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள் மறைந்த பின்னும் ஈரலுக்குள் அழற்சி தொடரக்கூடும் என்பதால், வைத்தியர் படிப்படியாகக் குறைக்கும்வரை மருந்தைத் தொடர வேண்டும்.