கையெழுத்துக்கு முன்: தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது எப்படி

எல்.ஆர்.டி. (கருக்குழாயைக் கட்டி வெட்டும் கருத்தடை அறுவை) சம்மதப் படிவத்தைப் பிரசவ வலி நேரத்தில் நீட்டாதீர்கள். அந்த வலியில் எதற்கும் தலையாட்டத்தான் தோன்றும். கர்ப்பகால கிளினிக்கிலேயே இரண்டு தடவையாவது பேசிவிடுங்கள்.

லயத்துக் காம்பிராவில் (வரிசை வீட்டு அறையில்) பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்வார். கிளினிக்கிலோ பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஒதுக்கமான இடம் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம் வேண்டாம். படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் வரிக்கு வரி சொல்லுங்கள். மொழிபெயர்க்கக் கணவரைக் கூப்பிடாதீர்கள்.

மற்ற வழிகளை முதலில் சொல்லுங்கள்: டெப்போ ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை, கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் 5 வருடம், கருப்பைக்குள் வைக்கும் கொப்பர் லூப் 10 வருடம் வரை. இவற்றை நிறுத்தலாம், எடுக்கலாம். எல்.ஆர்.டி. நிரந்தரம். ஆனால் மாதவிடாய் நிற்காது.

பெரிய பிழை வருவது ஒரே ஒரு சொல்லால். "குழாயைக் கட்டிருவாங்க" என்றால், கட்டியதை அவிழ்க்கலாம் என்றுதான் கேட்பவருக்குப் படும். "இனிமேல் புள்ள பொறக்காது" என்றே சொல்லுங்கள்.

"வெளங்குச்சா அக்கா?" என்று கேட்பதும் வீண், "ஆமாங்க" என்றுதான் வரும். "இத உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "வேணும்னா பொறகு அவுத்துக்கலாம்" என்று பதில் வந்தால், முதலிலிருந்து தொடங்குங்கள். அன்று கையெழுத்து வேண்டாம்.

பெண்ணிய உயிரறவியலில் (மருத்துவ அறத்தைப் பெண்களின் நிலையிலிருந்து பார்க்கும் துறையில்) உறவுசார் தன்னாட்சி என்றொரு கருத்து உண்டு. மெய்யியலாளர்கள் கத்ரியோனா மெக்கன்சியும் நடாலி ஸ்டோல்ஜாரும் 2000இல் தொகுத்த கட்டுரைகள் இதைத்தான் பேசின: முடிவெடுப்பவள் தனித்தீவு அல்ல. குடும்பத்தோடு கலந்து பேச விரும்பினால் அவகாசம் கொடுங்கள். கடைசிச் சொல் மட்டும் அவளுடையது. மனம் மாறினால், ஒப்பரேஷன் தியேட்டர் வாசலிலும் "வேணாம்" சொல்லலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.