எச்.ஐ.வி மருந்து எதிர்ப்பு அறிக்கையை எப்படிப் படிப்பது?

வைரஸ் அளவு ஏறிவிட்டது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, ‘இதுதான் வேலை செய்யவில்லையே’ என்று மாத்திரையை நிறுத்துவது. எந்த மருந்துக்குக் கிருமி மசியவில்லை என்று காட்டும் எதிர்ப்புப் பரிசோதனையைக் கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. இரத்தம் எடுக்கும் நாள்வரை மாத்திரை உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். காரணம் கிருமி பெருகும் விதத்தில் இருக்கிறது.

எச்.ஐ.வியின் மரபுக்குறிப்பு ஏறத்தாழ 9,700 எழுத்து நீளம். அதைப் படியெடுக்கும் நொதி, எழுதியதைத் திரும்பிப் பார்க்காத எழுத்தர் மாதிரி. பிழை திருத்தும் பழக்கமே அதற்கு இல்லை. சிகிச்சை பெறாத உடலில் நாளுக்குச் சுமார் 1,000 கோடி கிருமிகள் பிறக்கின்றன. ஆகவே ஓர் எழுத்து மாறினால் உண்டாகக்கூடிய திரிபு எதுவாயினும், ஏதோ ஒரு கிருமியில் ஏற்கெனவே இருக்கும். மருந்து முழு அளவில் இருந்தால் எந்தக் கிருமியும் பெருகாது. மருந்தே இல்லாவிட்டால் திரிபுக்குத் தனிச் சலுகை இல்லை. மருந்தும் கொஞ்சம் இருந்து, கிருமியும் பெருக முடிகிற நடுநிலையில்தான் திரிபு ஆளத் தொடங்குகிறது. செலவை மிச்சம்பிடிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுபவர்கள் நேராக அந்த நிலைக்குத்தான் போகிறார்கள். பணம்தான் சிக்கல் என்றால் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 2020 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் பல எச்.ஐ.வி மருந்துகளுக்கு மானியம் உண்டு, மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கையும் பயன்படுத்தலாம்.

சரி, மாத்திரையை நிறுத்திவிட்டால் பரிசோதனை எப்படிக் கெடும்? திரிபுக் கிருமி பெரும்பாலும் அசலைவிட நோஞ்சான். மருந்தின் அழுத்தம் போனதும் அசல் கிருமி முந்திக்கொள்ளும். வழக்கமான பரிசோதனை, மொத்தக் கிருமிகளில் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதைக் காணாது. மருந்தை விட்டு நான்கு வாரத்துக்கு மேல் ஆனபின் எடுத்த இரத்தத்தில் அறிக்கை சுத்தமாக வரலாம். ஆனால் திரிபு எங்கும் போய்விடவில்லை. எச்.ஐ.வி குடியேறும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்களில், உறங்குபவற்றுக்குள் பதிந்து கிடக்கிறது. அதே மருந்தைத் திரும்பத் தொடங்கினால் அதுவும் திரும்பி வரும்.

எப்போது பரிசோதிப்பது? வைரஸ் அளவு, மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 வைரஸ் படிகளுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஒரே ஒரு முறை 50-க்கும் 200-க்கும் இடையில் வந்து, அடுத்த சோதனையில் இறங்கிவிட்டால் அது எதிர்ப்பு அல்ல. 200-ஐத் தாண்டினால் சில வாரங்களில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். 200-க்கும் 500-க்கும் இடையில் ஆய்வகத்துக்குப் போதிய மரபுப்பொருள் கிடைக்காமல் போகலாம்; 1,000-க்கு மேல் சிரமமில்லை. இன்னொன்று: சில ஆய்வகங்களில் வழக்கமான சோதனை, படியெடுக்கும் நொதி, புரோட்டீஸ் என்ற இரண்டு கிருமி நொதிகளை மட்டுமே பார்க்கும். டொலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் போன்ற மருந்துகள் தாக்கும் இன்டெகிரேஸ் என்ற மூன்றாவது நொதிக்குத் தனியாக எழுதித்தர வேண்டியிருக்கும். நீங்கள் இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டுவந்தால், ‘இன்டெகிரேஸும் சேர்த்துத்தானே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி அறிக்கை. எம்184வி என்று இருந்தால், படியெடுக்கும் நொதியின் 184ஆவது இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்பது உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முதல் எழுத்து இருக்க வேண்டியது, கடைசி எழுத்து இருப்பது. அடிக்கடி கண்ணில் படுவதும் இந்த எம்184விதான். லாமிவுடின், எம்ட்ரிசிடபின் ஆகிய இரண்டு மருந்துகளையும் பெரிதும் முடக்கும். ஆனால் கிருமியையும் மெலியவைத்து, டெனோஃபோவிர் என்ற மருந்துக்கு அதைக் கூடுதலாக வசப்படுத்தும். அதனால் இது இருந்தும் மருத்துவர் லாமிவுடினைத் தொடர்ந்தால் தவறு என்று நினைக்க வேண்டாம். கே65ஆர், டெனோஃபோவிரைத் தளர்த்தும் திரிபு. கே103என் ஒன்றே போதும், எஃபாவிரென்ஸ், நெவிரபின் ஆகிய பழைய மருந்துகள் கைவிட்டுப்போகும். அவற்றைக் கொண்ட பழைய மருந்துக் கூட்டுகள் சட்டென்று தோற்றதற்கு இதுவே பெரிய காரணம். டொலுடெக்ராவிரைச் சாய்ப்பது அவ்வளவு எளிதல்ல. என்றாலும் கியூ148, என்155எச், ஆர்263கே, ஜி118ஆர் இவற்றில் ஒன்றைப் பார்த்தால் தொற்றுநோய் நிபுணரின் கருத்து வேண்டும்.

திரிபுகளுக்குக் கீழே மருந்துவாரியாக மதிப்பெண் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மதிப்பீட்டு முறையில் 0 முதல் 9 வரை மருந்து வேலை செய்யும், 15 முதல் 29 வரை இலேசான எதிர்ப்பு, 30 முதல் 59 வரை நடுத்தரம், 60-உம் அதற்கு மேலும் கடும் எதிர்ப்பு. எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்து 2021-இல் வெளியான நாடியா ஆய்வில், டொலுடெக்ராவிருடன் டெனோஃபோவிரும் லாமிவுடினும் சேர்த்துக் கொடுத்தபோது, கே65ஆர் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வைரஸ் அடங்கியது.

நீளமான பட்டியலைக் கண்டும் பதற வேண்டியதில்லை. உங்கள் கிருமியை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகம் எடுப்பது எச்.ஐ.வியின் பி வகை. சிங்கப்பூரில் சிஆர்எஃப்01_ஏஈ வகையும் பரவலாக உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் சி வகை. அந்த வகைகளில் புரோட்டீஸ் பகுதியில் எம்36ஐ போன்ற மாற்றங்கள் பிறவியிலேயே இருக்கும். ஊர்ப் பேச்சுவழக்கு வேறுபாடு போல அதைக் கொள்ளுங்கள்.

அறிக்கையில் திரிபே இல்லை, ஆனால் வைரஸ் ஏறுகிறது என்றால், மருந்து இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அலுமினியம், மக்னீசிய மருந்துகள் டொலுடெக்ராவிரைக் கட்டிப்போடும். டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை உணவோடு சேர்த்துப் போடுவதானால் ஒன்றாகவே போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி வேண்டும். ரில்பிவிரின் என்ற எச்.ஐ.வி மருந்தை முழுச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், ஒரு கோப்பித்தண்ணியோடு அல்ல. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் அதற்கு ஆகவே ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இரு வேளையாகும். இந்த மாற்றத்தை எழுதித்தர மருத்துவருக்கு உங்கள் எல்லா மருந்தும் தெரிந்திருக்க வேண்டும், நாட்டு மருந்து உட்பட.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது சிங்கப்பூரில் இரவு 9 மணிக்குப் போடும் மாத்திரையின் நேரம் அங்கே மாலை 6.30. கைப்பையிலேயே மாத்திரை இருக்கட்டும், திரும்பும் தேதிக்குமேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக. டொலுடெக்ராவிர் ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். 2012-இல் கண்ட திரிபு இன்றைய அறிக்கையில் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே கணக்கு. எந்த ஆண்டு என்ன மருந்து, ஏன் மாற்றினார்கள் என்று ஒரே தாளில் எழுதி, அறிக்கைகளோடு சேர்த்துப் புதிய மருத்துவரிடம் நீட்டுங்கள். கூட்டு மாறினால் 4 முதல் 8 வாரத்தில் வைரஸ் அளவை மறுபடி பார்க்க இரத்தம் கொடுக்கும் தேதியை அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள்.