அறிவுசார் குறைபாடுள்ள மாணவருக்கு உடற்பயிற்சியைப் பழக்கும் முறை

எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு காரணமான, குரோமோசோம் மாற்றத்தால் பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு சிலருக்குத் தளர்ந்திருப்பதால், மருத்துவர் அனுமதிக்கும் வரை குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல், பந்தைத் தலையால் முட்டுதல் ஆகியவை வேண்டாம். கழுத்துவலியோ நடையில் புதிதாகத் தடுமாற்றமோ தெரிந்தால் அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு வரும் மாணவர் நீச்சலுக்கு இறங்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மாற்றுத்திறன் கொண்ட 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டச் சில மாதங்கள் ஆகலாம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ஆனால் இடமும் நேரமும் நாள்தோறும் மாறாமல் இருக்கட்டும்.

"ஐந்து சுற்று நட" என்று சொன்னால், எண்ணிக்கை பிடிபடாத பிள்ளைக்கு அது எப்போது முடியும் என்பது தெரியாது. அதனால்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். நாமோ அதைச் சோம்பல் என்கிறோம். ஒரு கிண்ணத்தில் ஐந்து புளியங்கொட்டைகளை வையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவனே ஒன்றை எடுத்துப் பக்கத்து டப்பாவில் போடட்டும். கிண்ணம் காலியாகக் காலியாக, முடிவு நெருங்குவதை அவன் கண்ணாலேயே பார்க்கிறான். கடைசிக் கொட்டைக்கு ஓடியே வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பந்து பிடிப்பதையும் இப்படியே சிறு படிகளாகப் பிரியுங்கள்: முதலில் தரையில் உருட்டிவிடும் பந்து, பிறகு மெல்ல இறங்கும் பலூன், அதன்பின் பெரிய மென்பந்து. செய்து காட்டிவிட்டு, ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, பத்து விநாடி வாயைத் திறக்காமல் காத்திருங்கள். கையைப் பிடித்து உதவுவது கடைசி வழியாக இருக்கட்டும். அந்த உதவியையும் நாளடைவில் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உணவு விஷயத்தில்தான் பெற்றோரின் மனம் இளகிவிடுகிறது. "பாவம், பிள்ளைக்கு வேறென்ன சந்தோஷம்" என்று நீட்டப்படும் பிஸ்கட்டும், வகுப்பில் பரிசாகத் தரப்படும் மிட்டாயும் எடையைக் கூட்டுகின்றன. பரிசாகப் பிடித்த பாட்டை ஒலிக்கவிடலாம், விசில் ஊதும் பொறுப்பைக் கொடுக்கலாம். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், கடும் எரிச்சல் போன்ற நடத்தைச் சிக்கல்களுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளாலும் எடை கூடலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் துணி பிழிவது, தண்ணீர் எடுத்து வருவது போன்ற வேலைகளை அவர்களிடமே விடுங்கள். தசைகளுக்கு அவையும் நல்ல பயிற்சி.

விளையாட்டு நேரத்தில் பிறருடைய பைகளுக்குக் காவலாக மரத்தடியில் உங்கள் பிள்ளை உட்கார வைக்கப்பட்டால், தலைமையாசிரியரிடம் பேசத் தயங்காதீர்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் அளிக்க வேண்டும் என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.