முதல் படம் எடுக்கிறீர்களா, முதலில் நாட்களை எண்ணுங்கள்

கதை ரெடி, ஊரில் நிலத்தை விற்றுப் பணமும் புரட்டியாகிவிட்டது என்று வருகிற புதுத் தயாரிப்பாளர்களிடம் நான் முதலில் கேட்பது, ஷூட்டிங் எத்தனை நாள் என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. ஹீரோ சம்பளமும் கேமரா வாடகையும் விரல் நுனியில் இருக்கும், நாள் கணக்கு மட்டும் இருக்காது.

உதவி இயக்குநர்களை உட்கார வைத்து ஒவ்வொரு சீனுக்கும் எந்த இடம், பகலா இரவா, யார் யார், என்ன உடை, சீனில் வைக்க என்ன பொருட்கள் (பிராபர்ட்டி) என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒரே லொக்கேஷனில் வருகிற சீன்களை ஒன்றாகச் சேருங்கள். முதல் சீனும் கிளைமாக்ஸும் ஒரே வீட்டில் என்றால் அடுத்தடுத்த நாள் எடுத்துவிட வேண்டியதுதான், கிளைமாக்ஸில் ஹீரோவுக்குத் தாடி என்றால் அதை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் ஷேவ் பண்ணச் சொல்லுங்கள், இதை மாற்றிச் செய்துவிட்டு ஒட்டுத்தாடியோடு மல்லுக்கட்டிய ஒரு யூனிட்டில் நானும் இருந்திருக்கிறேன்.

ஒரு நாளை இங்கே கால்ஷீட்டால், அதாவது ஒரு ஷிஃப்ட் வேலை நேரத்தால் அளப்பார்கள். நேரம் தாண்டினால் ஒன்றரை கால்ஷீட், இரண்டு கால்ஷீட் என்று சம்பளமும் பேட்டாவும் (தினப்படி) ஏறும், அதுவும் லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், டிரைவர் என மொத்த யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். சினிமாத் தொழிலாளர்களின் சம்மேளனமான பெஃப்சியில் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சங்கம் இருக்கிறது, எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டாவைத் தள்ளிப்போடாதீர்கள். டிபனில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், இட்லி லேட்டானால் முதல் ஷாட்டும் லேட்டாகும், அந்த ஒரு மணி நேரத்துக்கு இட்லியை விடப் பல மடங்கு செலவு.

நடிகர்கள் விஷயத்தில் காம்பினேஷன்தான் தலைவலி. குணச்சித்திர நடிகர்கள் ஒரே சமயத்தில் பல படங்களில் இருப்பார்கள், நாள் கணக்கில் சம்பளம் வாங்குவார்கள். அப்பா, வில்லன், ஹீரோ மூன்று பேரும் சேர்ந்து வருகிற சீன்களை, மூவரும் கிடைக்கிற தேதியில் முதலில் முடித்துவிடுங்கள். ஹீரோ தனியாக பைக்கில் போகிற ஷாட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஸ்பாட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறதே என்று பதற வேண்டாம், டப்பிங்கில் கேட்டுப் பேசுவதற்கான பைலட் டிராக் பதிவானால் போதும், வசனத்தை டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம். ஸ்பாட்டில் பேசுவதையே படத்தில் வைக்கிற லைவ் சவுண்ட் என்று முடிவு செய்திருந்தால் கதையே வேறு.

படத்தில் மாடோ நாயோ நடிக்கிறதா? ஷூட்டிங்குக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சென்சாரில் மாட்டுவீர்கள். முன்பு சென்னையிலேயே இருந்த தலைமை அலுவலகம் இப்போது ஹரியானாவில், அதனால் போதிய நாட்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைக்கிற அன்றைக்குக் கையில் காசு தீர்ந்திருந்தால் படம் அங்கேயே நின்றுவிடும். எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை, டிஐ (நிறத் திருத்தம்), மிக்ஸிங், சென்சார், போஸ்டர், டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணம் எல்லாம் அதற்கப்புறம்தான். இதற்கான பணத்தை முதல் நாளே வேறு கணக்கில் போட்டு, புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டாலும் தொடாதீர்கள். ஃபைனான்ஸ் வாங்கியிருந்தால் ரிலீஸ் தள்ளத் தள்ள வட்டி வேறு ஓடும்.

கடைசியாக ஒன்று, அன்றன்று எடுத்த ஃபுட்டேஜை அன்றிரவே குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.